கைப்பும் கலவையும்: விஸ்கிக் கொக்ரெயில்களின் திரிபுவடிவங்கள் பற்றிய ஒரு நோக்கு

கொக்ரெயில் என்னும் சொல்லுக்கு அச்சிற் கிடைக்கும் முதல் வரைவிலக்கணம், 1806ஆம் ஆண்டு மே மாதம் 13ஆந் திகதி நியூயோர்க் மாநிலத்தின் ஹட்சன் நகரிலிருந்து வெளிவந்த ஒரு செய்தித்தாளில் இடம்பெற்றது. வாசகர் ஒருவர் எழுப்பிய வினாவுக்கு விடையளித்த ஆசிரியர், வடிமது, சர்க்கரை, நீர், கைப்புச்சாறு ஆகிய நான்கும் சேர்ந்ததே கொக்ரெயில் எனக் கூறி, தேர்தலில் நிற்போருக்கு இது பெரிதும் பயன்படும் என்ற கேலியையும் உடன் சேர்த்தார். கேலியை விடுத்து வரைவிலக்கணத்தை மட்டும் நோக்குமிடத்து ஒரு செய்தி புலனாகும். நான்கனுள் மூன்று எந்த மதுவிலும் எதிர்பார்க்கத்தக்கவை. கொக்ரெயிலை ஏனைய கலப்பு மதுக்களிலிருந்து வேறுபடுத்தி அதற்குத் தனிப்பெயர் பெற்றுக்கொடுத்தது நான்காவது பொருளாகிய கைப்பே. குழந்தை துப்பிவிடும் சுவை, நஞ்சின் அறிகுறியென உடல் இயல்பாகவே அஞ்சும் சுவை, ஒரு பானத்தின் இலக்கணமாயிற்று.

இவ்விலக்கணத்துக்குட்பட்டுப் பிறந்த விஸ்கிக் கலவைகள் சிலவற்றையும் அவற்றின் திரிபுவடிவங்களையும் இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது. திரிபுகள் எங்ஙனம் தோன்றுகின்றன, அவற்றைச் சுவைத்தறிவது எவ்வாறு என்பன முதலிரு வினாக்கள். திரிபை ஆக்கிய உழைப்பு ஈற்றில் யாருக்குச் சொந்தமாகின்றது என்பது மூன்றாவது வினா. எனது கருத்தில் அதுவே முதன்மையானது.

ஆய்விதழொன்றில் மதுக்கலவை பற்றி எழுதுவதா என முகஞ்சுழிப்போர் இருக்கலாம். தோட்டங்களிலும் கரையோரக் கிராமங்களிலும் குடி செய்த, செய்துவரும் கேட்டினை அறியாதார் நம்மிடையே இல்லை. அதனை இக்கட்டுரை மறுக்கவுமில்லை, மறைக்கவுமில்லை. ஆயின் நுகர்பொருள் ஒன்றன் வரலாறு அதனை உற்பத்தி செய்தோரின் வரலாறுமாகும். ஏங்கல்ஸ் 1876இல் பிரஷ்யாவின் உருளைக்கிழங்குச் சாராயம் பற்றி எழுதியபோது, அந்நாட்டு நிலவுடைமை வர்க்கம் தன்னை எவ்வாறு நிலைநிறுத்திக்கொண்டது என்பதையே எழுதிக்காட்டினார். இவ்வகையில் நோக்கினால் மதுக்கிண்ணமும் ஓர் ஆவணமே.

முதலில் விஸ்கி. அமெரிக்க விஸ்கி வகைகளுள் ஈண்டு நமக்கு வேண்டுவன இரண்டு. றை என்னும் தானியம் ஆகக்குறைந்தது 51 வீதம் சேர்ந்த மாவூறலை வடித்தெடுப்பது றை விஸ்கி. சோளம் அதேயளவு சேர்ந்தது பேர்பன். இரண்டும் உட்புறம் கருக்கப்பட்ட புதிய ஓக் மரப் பீப்பாய்களில் முதிர்விக்கப்படுகின்றன. பேர்பன் மென்மையும் இனிப்பும் உடையது. றை கார்ப்பும் வறட்சியும் உடையது. பென்சில்வேனியாவின் மேற்குப் பகுதியிற் குடியேறிய சிறு விவசாயிகள் மலைகடந்து தானியத்தைக் கொண்டுசெல்லும் செலவைத் தாங்கமாட்டாது, அதனை விஸ்கியாக்கி விற்றனர். 1791இல் விதிக்கப்பட்ட மதுவரி பெரிய வடிசாலைகளுக்கு வசதியாகவும் இவர்களுக்குச் சுமையாகவும் அமைய, 1794இல் அவர்கள் கிளர்ந்தெழுந்தனர். புதிய குடியரசு தன் சொந்தக் குடிகளுக்கெதிராகப் படை திரட்டிய முதற் சந்தர்ப்பம் அது. றை விஸ்கியின் பின்னால் இந்தக் கோபமும் உண்டென்பது மனங்கொள்ளத்தக்கது.

1870களிலும் 1880களிலும் இத்தாலியிலிருந்தும் பிரான்சிலிருந்தும் வேர்மூத் அமெரிக்காவுக்குப் பெருமளவில் வந்து சேர்ந்தது. மூலிகைகள் ஊறவைக்கப்பட்டு, வடிமது சேர்த்துச் செறிவூட்டப்பட்ட திராட்சை மதுவே வேர்மூத். இனிப்பு வேர்மூத்தின் வணிக வரலாறு 1786இல் தூரின் நகரில் கார்ப்பானோ என்பவருடன் தொடங்குவதாகக் கொள்வர். சர்க்கரையின் இடத்தில் இவ்வேர்மூத் வந்தமர்ந்தபோது பழைய விஸ்கிக் கொக்ரெயில் ஒரு புதுவடிவம் பெற்றது. அதுவே மன்ஹற்றன். 1884இல் வெளிவந்த பைரன் என்பவரின் மதுக்கலவைக் கையேட்டில் இது இடம்பெறுகின்றது. றை விஸ்கி இரு பங்கு, இனிப்பு வேர்மூத் ஒரு பங்கு, அங்கொஸ்ரூறா பிற்றர்ஸ் இரண்டு மூன்று துளி என்பது இன்று வழங்கும் அளவு.

இதன் பிறப்புப் பற்றி ஒரு கதை உண்டு. வின்ஸ்ரன் சேர்ச்சிலின் தாயாரான ஜெனி ஜெறோம் 1874இல் நியூயோர்க்கில் அளித்த விருந்தொன்றில் இது முதன்முதற் கலக்கப்பட்டது என்பர். அவ்விருந்து நடந்ததாகக் கூறப்படும் காலத்தில் அவ்வம்மையார் இங்கிலாந்தில் நிறைமாதக் கர்ப்பிணி. சேர்ச்சில் பிறந்தது 1874 நவம்பர் 30ஆந் திகதி, பிளெனிம் மாளிகையில். கதை பொய்யென்பதைவிட, அப்பொய் ஏன் வேண்டப்பட்டது என்பதே நமக்கு முக்கியம். மதுச்சாலையின் பலகைக்குப் பின்னால் நின்ற பெயரறியாப் பணியாளன் ஒருவனின் கைவினைக்குப் பிரபுகுலப் பெண்ணொருத்தியைத் தாயாக்குவது, செவிவழிப் பாடல்களுக்கு அரசவைப் புலவரை ஆசிரியராக்கும் அதே மனப்பாங்கின்பாற்பட்டது.

இவ்விடத்துத் திரிபு என்பதன் இலக்கணத்தை நோக்கலாம். விகாரப் புணர்ச்சியை நம் இலக்கணகாரர் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்றாக வகுத்தனர். கலவைகளில் நிகழும் மாற்றங்களை விளக்க இதனிலும் வசதியான பாகுபாட்டை நான் காணவில்லை. மன்ஹற்றனின் இனிப்பு வேர்மூத் இனிப்புக் குறைந்த பிரெஞ்சு வேர்மூத்தாகி, மரஸ்கீனோ என்னும் செரிப்பழ மதுவும் பிக்கோன் என்னும் பிரெஞ்சுக் கைப்பு மதுவும் சிறிதளவு சேர்ந்தால் அது புரூக்ளின். இங்கே திரிதலும் தோன்றலும் ஒருங்கே நிகழ்கின்றன. வேர்மூத்தை நீக்கிச் சிசிலித் தீவின் அவர்னா என்னும் கைப்பு மதுவை அவ்விடத்தில் நிறுத்தினால் அது கறுப்பு மன்ஹற்றன். இதனைத் திரிதல் எனலாம்; எனினும் வேர்மூத்தின் திராட்சைப் புளிப்பு முற்றாக மறைவதால் அதனுட் கெடுதலும் அடங்கியுள்ளது. நான்காவதாக ஒரு வழியும் உண்டு. பொருள்கள் மாறாமல் அவற்றின் அளவு மட்டும் மாறுவது அது. இதனை இலக்கணகாரர் கூறவில்லை. மாத்திரை பற்றிப் பேசிய யாப்பிலக்கணகாரர் மறுக்கமாட்டார்.

வாய்மொழிப் பாடகன் வாய்பாடுகளைக் கைவசம் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் அவற்றை இடத்துக்கேற்ப மாற்றிப் பாடலைப் புதிதாக்குகின்றான். பேராசிரியர் க. கைலாசபதி 1968இல் வெளிவந்த தமது ஆங்கில நூலில் நம் வீரநிலைக் கவிதையை இந்நோக்கில் ஆராய்ந்தமை பலரும் அறிந்தது. மதுச்சாலைப் பணியாளன் பாணன் அல்லன்; ஒப்புமையை அளவுக்கு மீறி நீட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆயினும் மரபுவழி வந்த சட்டகம், அதனுள் மாற்றக்கூடிய இடங்கள், கேட்போரின் அல்லது குடிப்போரின் உடனடி எதிர்வினை ஆகிய மூன்றும் இரு துறைக்கும் பொதுவானவை. தனிமேதைமை எனப் போற்றப்படுவது பெரும்பாலும் இச்சட்டகத்தின் கூட்டு உழைப்பு என்பதும் பொதுவானதே.

இனிக் கைப்பு. ஐரோப்பியக் கைப்பு மதுக்களின் உள்ளீடுகளுள் முதன்மையானவை ஜென்சியன் என்னும் மலைச்செடியின் வேர், சிங்கோனாப் பட்டை, மாசிபத்திரி இனத்தைச் சேர்ந்த வேர்ம்வூட், கைப்புத் தோடையின் தோல் என்பன. இவையனைத்தும் மருந்துப் பெட்டியிலிருந்து மதுச்சாலைக்குச் சென்றவை. அங்கொஸ்ரூறா பிற்றர்ஸ், பொலிவாரின் விடுதலைப் படையில் மருத்துவராகப் பணியாற்றிய ஜெர்மானியரான சீகேர்ட் என்பவரால் 1824இல் வெனிசுவேலாவின் அங்கொஸ்ரூறா நகரில் வயிற்று நோய்க்கு மருந்தாக ஆக்கப்பட்டது. 1875இல் அத்தொழில் திரினிடாட்டுக்கு இடம்பெயர்ந்தது. பிக்கோனின் கதை இதற்கு மறுதலையானது. அல்ஜீரியாவைக் கைப்பற்றிய பிரெஞ்சுப் படையிற் பணியாற்றிய கயற்றான் பிக்கோன், காய்ச்சலுக்கு மருந்தாக ஜென்சியன், சிங்கோனா, தோடந்தோல் ஆகியவற்றைக் கொண்டு தாம் அமைத்த கலவையை 1837இல் அல்ஜீரிய மண்ணிலேயே உற்பத்தி செய்யத் தொடங்கினார். ஒரு கைப்பு விடுதலைப் படையோடும் மற்றையது ஆக்கிரமிப்புப் படையோடும் வந்தவை. நாவுக்கு இவ்வேறுபாடு தெரியாது.

சிங்கோனாவின் வரலாற்றில் இலங்கைக்கும் ஓர் இடம் உண்டு. ஹக்கல பூங்கா 1861இல் தொடங்கப்பட்டது இம்மரத்தைப் பயிரிட்டுப் பார்ப்பதற்காகவே. 1869இல் இலைநோய் தலைகாட்டிக் கோப்பித் தோட்டங்கள் அழியத் தொடங்கியபோது, தோட்ட முதலாளிகள் பலர் சிங்கோனாவை நாடினர். 1880களில் இலங்கைப் பட்டை உலகச் சந்தையில் மலையெனக் குவிந்தது. அக்குவிப்பினாலேயே விலை சரிந்தது. குயினைன் செறிவு கூடிய ஜாவாத் தீவுப் பட்டை எஞ்சிய சந்தையையும் பறித்துக்கொள்ள, மலைச்சரிவுகள் தேயிலைக்கு மாறின. கோப்பிக்கெனத் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளரின் கைகளே சிங்கோனாப் பட்டையையும் உரித்தன. இப்பட்டை பெரிதும் குயினைன் உற்பத்திக்கே சென்றது. ஆயின் குடியேற்றப் படைகளின் காய்ச்சல் மருந்தும் ஐரோப்பிய நகரங்களின் உணவுக்கு முந்திய கைப்பு மதுவும் ஒரே பட்டையை வேண்டிநின்றன. அவை ஒரே உலகச் சந்தையின் இரு முனைகள். கோதுமையைச் சுவைப்பதால் அதனை விளைவித்தவன் பண்ணையடிமையா, குடியானவனா, முதலாளியின் கூலியாளா என அறியமுடியாது என்னும் கருத்தை மார்க்ஸ் 1859இல் முன்வைத்தார். கைப்பு மதுவைச் சுவைப்போர் நினைவிற் கொள்ளவேண்டிய முதற் செய்தி இதுதான்: சுவை தன் பிறப்பை மறைக்கும் இயல்பினது.

அமெரிக்காவில் 1920 ஜனவரி 17ஆந் திகதி மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது; 1933 டிசம்பர் 5ஆந் திகதிவரை நீடித்தது. தொழிலாளன் கள்ளச்சாராயத்தை நாட, பணம் படைத்தோர் கப்பலேறினர். பரிஸில் 1911இல் திறக்கப்பட்ட நியூயோர்க் பார் என்னும் மதுச்சாலையை 1923இல் தனதாக்கிக்கொண்ட ஸ்கொட்லாந்தியரான ஹரி மக்கெல்ஹோன் இவர்களின் நாயகரானார். 1927இல் அவர் வெளியிட்ட நூலின் இணைப்பில் இரு கலவைகள் காணப்படுகின்றன. ஒன்று, பேர்பன், கம்பாரி, இனிப்பு வேர்மூத் மூன்றும் சமபங்காகச் சேர்ந்தது. வண்டர்பில்ற் செல்வக் குடும்பத்தின் உறவினரும் பரிஸில் பூல்வார்டியே என்னும் சஞ்சிகையை நடத்தியவருமான ஏர்ஸ்கின் குவின் என்பவரோடு இது தொடர்புபடுத்தப்பட்டு, பின்னர் அச்சஞ்சிகையின் பெயராலேயே அழைக்கப்படலாயிற்று. மற்றையது, கனடிய விஸ்கி, கம்பாரி, இனிப்பு வேர்மூத் சமபங்காகச் சேர்ந்தது. இது பரிஸிலிருந்த அமெரிக்கப் பத்திரிகையொன்றின் விளையாட்டுச் செய்தியாளர் ஸ்பறோ றொபேட்சனுக்கு உரியதாகக் கூறப்பட்டது. காண்போரையெல்லாம் பழைய தோழா என விளிப்பது அவர் வழக்கமாதலின் கலவையும் பழைய தோழன் எனப் பெயர் பெற்றது.

பாடபேதம் ஆராய்வோர் இவ்விடத்திற் சற்று நிற்றல் வேண்டும். 1927இன் பாடத்தின்படி இரு கலவைகளுக்குமிடையே விஸ்கியின் வகையொன்றே வேற்றுமை. 1930இல் இலண்டன் சவோய் விடுதியின் கையேடு வெளிவந்தபோது, பழைய தோழனின் இனிப்பு வேர்மூத் பிரெஞ்சு வேர்மூத்தாக மாறியிருந்தது. இன்று உலகெங்கும் வழங்குவது இப்பிந்திய பாடமே. மூலபாடம் எது என்பதைவிட, எப்பாடம் ஏன் நிலைத்தது என வினவுதல் பயனுடையது. முதற்பாடத்தில் இரண்டும் ஒன்றையொன்று ஒத்திருந்தமையால் ஒன்று வழக்கொழிந்திருக்க வேண்டும். வேறுபட்டதனாலேயே இரண்டும் வாழ்ந்தன.

கம்பாரியின் வருகை இன்னொரு வகையிலும் முக்கியமானது. மன்ஹற்றனிற் கைப்பு துளிக்கணக்கில் வருவது; பூல்வார்டியேயில் அது மூன்றிலொரு பங்காகிவிட்டது. பின்னணியில் நின்ற கைப்பு முன்னரங்குக்கு வந்தபோது பானத்தின் பண்பே மாறிற்று. அளவு மாற்றம் பண்பு மாற்றமாதலுக்கு இதனை எடுத்துக்காட்டாகக் கூறத் தோன்றும். எனினும் அங்கொஸ்ரூறா 44.7 வீத மதுசாரத்தில் ஊறிய செறிந்த சாறு. கம்பாரி நாட்டுக்கு நாடு வேறுபடினும் அதனிலும் குறைந்த மதுசாரமும் மிகுந்த சர்க்கரையும் கொண்டது. பொருளே வேறானபின் இயங்கியலை வலிந்து இழுத்தல் தகாது.

சுவைத்தறிதல் பற்றி இனிக் கூறலாம். இதில் நம் மொழிக்கு ஒரு வாய்ப்பு உண்டு. ஆங்கிலம் பேசுவோர் கைப்பையும் துவர்ப்பையும் அன்றாட வழக்கில் ஒரே சொல்லால் மயங்கக் கூறுவதுண்டு. அறுசுவை மரபோ கைப்பு, துவர்ப்பு, கார்ப்பு மூன்றையும் தனித்தனியே பெயரிட்டுள்ளது. விஸ்கிக் கலவைகளை ஆராய இம்மூன்றும் இன்றியமையாதன. ஜென்சியனும் சிங்கோனாவும் தருவது கைப்பு. அது நாவிலுள்ள தனி ஏற்பிகளால் உணரப்படுவது, பிந்தி எழுந்து நெடுநேரம் நிற்பது. ஓக் மரத்தின் தனின் தருவது துவர்ப்பு. அது உமிழ்நீரின் புரதங்களோடு பிணைந்து நாவைச் சொரசொரப்பாக்குவது. மதுசாரம் தருவது ஒருவகைக் கார்ப்பு; அது மிளகாயின் எரிவை உணரும் அதே நரம்பு வாயில்களைத் தூண்டுவது. பாவற்காயையும் வாழைப்பூவையும் மிளகையும் உண்டு வளர்ந்த நாவுக்கு இம்மூன்றையும் பிரித்தறிதல் கடினமன்று. நாவின் நுனியில் இனிப்பும் அடியில் கைப்பும் எனப் பாடநூல்கள் வரைந்துகாட்டிய படம் பிழையானது. எல்லாச் சுவையும் நாவின் ஏற்பிகள் உள்ள பகுதிகள் யாவற்றிலும் உணரப்படும்.

ஒப்பிட்டுச் சுவைப்பதற்கு ஒரேயொரு விதி போதுமானது. ஒரு தடவையில் ஒரு பொருளை மட்டும் மாற்றுக. விஸ்கி ஒன்றாகவே இருக்கட்டும். பனிக்கட்டியின் அளவும் கலக்கும் நேரமும் ஒன்றாகவே இருக்கட்டும். 45 வீதம் மதுசாரமுள்ள றை 60 மில்லிலீற்றரும் 16 வீதமுள்ள வேர்மூத் 30 மில்லிலீற்றரும் சேர்ந்த மன்ஹற்றன், பனிக்கட்டி சேருமுன் ஏறத்தாழ 35 வீதச் செறிவுடையது. வேர்மூத்தை 29 வீதமுள்ள அவர்னாவாக மாற்றியவுடன் செறிவு ஏறக்குறைய 40 வீதமாகின்றது. சுவை மாறியதாக நாம் எண்ணுவதில் ஒரு பகுதி வெறும் மதுசாரத்தின் ஏற்றமே. ஆகவே கறுப்பு மன்ஹற்றனைச் சற்றுக் கூடுதலான நேரம் பனிக்கட்டியோடு கலக்குதல் வேண்டும். பனிக்கட்டி குளிரூட்டுவது மட்டுமன்று. உருகி நீராகிச் சேர்வதும் அதன் பணி. நன்கு கலக்கிய கலவையில் நாலிலொரு பங்குவரை இவ்வாறு உருகிய நீராக இருத்தல் கூடும். 1806இன் வரைவிலக்கணத்தில் நீர் ஓர் உறுப்பாகக் கூறப்பட்டது வெறுமனே அன்று.

நண்பர் இருவருடன் நான் இவற்றை அருகருகே வைத்துச் சிறு மிடறுகளாகச் சுவைத்துப் பார்த்தபோது தெளிவான உண்மை, காலம் ஒரு சுவைப்பொருள் என்பது. குளிர்ந்த நிலையில் இனிப்பு மங்கியிருக்கும். கிண்ணம் வெப்பமேற அது மேலெழும். பூல்வார்டியே முதலில் கைப்பின் கூர்மையோடு தொடங்கி, கால்மணி நேரத்தில் சர்க்கரைப்பாகு போலாகிவிடுகின்றது. எனவே சமபங்கினைக் கைவிட்டு விஸ்கி 45, மற்றையவை 30, 30 எனக் கொள்ளும் இக்கால வழக்கு நியாயமானதே. பழைய தோழன் இதற்கு மாறானது. இனிப்பின் துணையை இழந்த கம்பாரியும் றையின் கார்ப்பும் நேருக்கு நேர் மோதிக்கொள்கின்றன. முதல் மிடற்றில் வெறுப்பும் மூன்றாவதில் மதிப்பும் தோன்றும். கறுப்பு மன்ஹற்றனில் தோடந்தோலும் வேர்களும் கருகிய சர்க்கரையும் கலந்து வேர்மூத்தின் புளிப்பு விட்டுச்சென்ற வெற்றிடத்தை மூடிவிடுகின்றன. நிறைவான சுவைதான், ஆனால் மன்ஹற்றனின் இடைவெளிகள் அதிலில்லை. என்னைக் கேட்டால் பழைய தோழனையே முதலில் வைப்பேன். கைப்பு மிஞ்சியதாகத் தோன்றுவோர் உப்புநீர் இரண்டு துளி சேர்த்துப் பார்க்கலாம். பாவற்காய்க்கு உப்புத் தடவும் நம் அடுக்களைக்கு இது புதிதன்று.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இக்கலைக்கு இறங்குமுகமே. றை விஸ்கி அருகிற்று. தோடந்தோற் பிற்றர்ஸ் கடைகளில் மறைந்தது. பிக்கோனின் செறிவு படிப்படியாகக் குறைக்கப்பட்டதோடு அமெரிக்காவிற் கிடையாமலும் போயிற்று. மறுமலர்ச்சி என இன்று கூறப்படுவது நியூயோர்க்கில் 1999இன் கடைசி இரவில் சாஷா பெற்றாஸ்கி திறந்த மில்க் அன்ட் ஹனி என்னும் சிறு மதுச்சாலையைப் பெரிதும் மையமாகக் கொண்டது. அங்கு பணியாற்றிய இத்தாலியரான வின்சென்சோ எறிக்கோ, புரூக்ளினின் பிக்கோன் இல்லாத நிலையில், பூன்ற் எ மெஸ் என்னும் கைப்பேறிய வேர்மூத்தை அவ்விடத்தில் வைத்து றெட் ஹூக் என்னும் கலவையை ஆக்கினார். இல்லாமையே திரிபின் தாயாயிற்று. அதனைப் பின்பற்றிப் புரூக்ளினின் பிற குடியிருப்புகளின் பெயர்களாலும் திரிபுகள் பல எழுந்தன. றெட் ஹூக் துறைமுகத் தொழிலாளர் வாழ்ந்த பகுதி. கொள்கலன் கப்பல்கள் வந்து துறையின் கூலி வேலையைத் துடைத்தழித்தபின், அவ்விடத்தின் பெயர் மதுக்கிண்ணத்துக்குச் சூட்டப்பட்டது.

மில்க் அன்ட் ஹனியிலிருந்து வந்த இன்னொரு பணியாளரான சாம் றோஸ், சிக்காகோவின் வயலற் அவர் மதுச்சாலைக்கென ஆக்கியது பேப்பர் பிளேன். பேர்பன், அப்பெரோல், நொனினோ, எலுமிச்சைச்சாறு நான்கும் சமபங்கு. செறிவு பனிக்கட்டிக்கு முன்னர் 23 வீதமளவே. எலுமிச்சை சேர்வதால் இதனைக் கலக்காது குலுக்குதல் வேண்டும். இப்பெயர் அக்காலத்தில் அவர் கேட்டுக்கொண்டிருந்த, 2007இல் வெளியான பேப்பர் பிளேன்ஸ் என்னும் பாடலிலிருந்து பெறப்பட்டது. அதனைப் பாடியவர் மாயா அருள்பிரகாசம். இலண்டனிற் பிறந்து, யாழ்ப்பாணத்தில் இளம்பருவத்தைக் கழித்து, 1980களில் அகதியாக இலண்டன் திரும்பிய ஈழத்தமிழ்ப் பெண். குடிபெயர்ந்தோரைக் கள்ளராகக் காணும் மேற்குலகின் அச்சத்தை எள்ளிநகையாடும் பாடல் அது. அமெரிக்க விசா மறுக்கப்பட்டு அலைந்த அனுபவம் அதன் பின்னணி. இப்பானம் அருந்துவோருள் எத்தனை பேர் அதன் பெயருக்குள் ஒரு தமிழ் அகதியின் குரல் இருப்பதை அறிவர்?

உடைமை பற்றிய வினாவுக்கு இது நம்மைக் கொண்டுவருகின்றது. அமெரிக்கச் சட்டப்படி, பொருள்களையும் அளவுகளையும் நிரற்படுத்தும் வெறும் செய்முறைக்குப் பதிப்புரிமை இல்லை. சாம் றோஸ் ஆக்கிய கலவையை உலகின் எந்த மதுச்சாலையும் விற்கலாம்; அவருக்கு ஒரு சதமும் சேராது. இதில் தவறில்லை என்பதே என் கருத்து. அவரும் மரபிலிருந்து எடுத்தவரே. டெற்றோயிற் நகரின் பழைய சமபங்குக் கலவையொன்றின் சட்டகமே பேப்பர் பிளேனுடையதும். ஆனால் புட்டிகளின் நிலை வேறு. பக்கார்டி கொக்ரெயில் என்ற பெயரில் விற்கப்படுவதில் பக்கார்டி நிறுவனத்தின் றம் இருந்தே தீரவேண்டும் என நியூயோர்க் நீதிமன்றம் 1936இலேயே தீர்ப்பளித்தது. கலப்பவனின் உழைப்பு பொதுச்சொத்து. கலக்கப்படுவதன் பெயர் தனிச்சொத்து.

கம்பாரி நிறுவனம் 1995இல் சினாரையும், 2003இல் அப்பெரோலையும், 2009இல் வைல்ட் ரேர்க்கி விஸ்கியையும், 2014இல் அவர்னாவையும் விலைக்கு வாங்கியது. இவ்வாண்டுகளை மேற்கூறிய திரிபுகளின் ஆண்டுகளோடு வைத்து நோக்குதல் வேண்டும். பேப்பர் பிளேனின் முதல் வடிவத்தில் கம்பாரியே இருந்தது. சில நாட்களில் அதனை நீக்கி அப்பெரோலைச் சேர்த்தார் றோஸ். சுவையில் பெரும் வேறுபாடு. உரிமையாளர் ஒருவரே. வைல்ட் ரேர்க்கி றையோடு அவர்னாவைக் கலந்து கறுப்பு மன்ஹற்றனாக்கினும், கம்பாரியைக் கலந்து பூல்வார்டியேயாக்கினும் இக்கொள்வனவுகளின் பின் இதுவே நிலையாயிற்று. திரிபு செய்வோனின் சுதந்திரம் மெய்யானது. அச்சுதந்திரம் உலாவும் முற்றம் வேறொருவருடையது.

பெயர் நிலைத்தோரும் நிலையாதோரும் பற்றியும் ஒரு சொல். ஜாக் டானியலுக்கு வடிக்கும் தொழிலைக் கற்பித்தவர் நியறெஸ்ற் கிறீன் என்னும் கறுப்பின அடிமை மனிதர் என்பதை அந்நிறுவனம் தன் வரலாற்றில் வெளிப்படையாக ஏற்றது 2016இலேதான். 1917இல் மதுக்கலவை நூலொன்றை வெளியிட்ட முதல் ஆபிரிக்க அமெரிக்கரான ரொம் புல்லொக், செயின்ற் லூயிஸ் நகரின் செல்வர் கழகமொன்றிற் பணியாளராக இருந்தவர். பின்னாளில் இரு சனாதிபதிகளை ஈன்ற குடும்பத்தின் மூதாதையான ஜோர்ஜ் ஹேர்பேட் வோக்கர் அந்நூலுக்கு முன்னுரை எழுதினார். முன்னுரை எழுதியவரின் பெயரை உலகம் அறியும்.

கம்பாரியின் செந்நிறம் நெடுங்காலம் கள்ளிச்செடியில் வாழும் பூச்சியினத்திலிருந்து எடுக்கப்பட்டது. 2006இல் அந்நிறுவனம் பெரும்பாலான சந்தைகளில் அதனைக் கைவிட்டுச் செயற்கைச் சாயத்துக்கு மாறிற்று. பெயரும் புட்டியும் மாறவில்லை. இவ்வாறு உற்பத்தியாளர் செய்யும் மாற்றத்தை யாரும் திரிபு என அழைப்பதில்லை. பிக்கோனின் செறிவுக் குறைப்பும் இவ்வகையினதே. பழைய புரூக்ளினை ஆக்க விரும்பியோருக்கு அதன் உயிர்ப்பொருளே இல்லாமற் போயிற்று. சியாற்றில் நகரின் பணியாளரான ஜேமி பூத்ரோ, றமசோற்றி என்னும் இத்தாலியக் கைப்பு மதுவோடு தோடந்தோலை மதுசாரத்தில் ஊறவைத்த சாற்றையும் பிற்றர்ஸையும் சேர்த்துப் பழைய பிக்கோனை ஒத்த ஒன்றை அமைத்து, அதன் அளவுகளை மறைக்காது வெளியிட்டார். அவ்வளவுகளை வைத்துக்கொண்டு வீட்டடுக்களைகளிலும் மதுச்சாலைகளிலும் பலர் தத்தம் பிக்கோனை ஆக்கிவருகின்றனர். தோல் காய்ந்ததா பச்சையா, எத்தனை நாள் ஊறவேண்டும் என்பன பற்றி அவர்களிடையே கருத்துவேறுபாடு உண்டு.